ரிப்பேரா, ஆல்டரேஷனா

அந்தக் கம்பளிக் கோட்டின் நிறம் சாம்பலா கரும்பச்சையா என்று இப்போது கேட்டால் எனக்குத் தடுமாற்றம்தான். கேள்விப்பட்டதோடு நானாகச் சேர்த்ததும் கொஞ்சம் கலந்திருக்கலாம். இடது கை வெட்டப்பட்டது மட்டும் நிச்சயம்.

தையல்கடையில் கணவர் கவுன்ட்டரில், மனைவி மெஷினில். வரும் துணி ஒவ்வொன்றிலும் அவர் ஒரு சீட்டைக் குத்துவார். அதில் இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். ரிப்பேர் என்றால் துணி பழையபடி ஆகவேண்டும். தைத்த இடமே தெரியக்கூடாது. ஆல்டரேஷன் என்றால் உடுத்துகிறவருக்கு ஏற்ப துணி மாறவேண்டும். அங்கே கத்தரிக்கோலுக்கு உரிமை உண்டு. கிழிந்த பை ரிப்பேர், பெருத்த இடுப்பு ஆல்டரேஷன். பழுதான ஜிப்புக்குப் பதில் வேறு நிற ஜிப் வைத்தால் அது எதில் சேரும் என்று இருவரும் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததும் உண்டு.

கோட்டைக் கொண்டுவந்தவள் ஓர் இளம்பெண். அம்மாவுடையது, அம்மா போய் இரண்டு மாதம். கை நீளமாக இருக்கிறது, தனக்குச் சரியாக வரவேண்டும் என்றாள். ஆல்டரேஷன் சீட்டு விழுந்தது.

மறுநாள் காலை தையல்காரி இடது கையில் நான்கு விரற்கடை வெட்டி முடித்த நேரம், அந்தப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். வீட்டில் கடை ரசீதைப் பார்த்துவிட்டு, மகளுக்குத் தெரியாமல் வந்திருக்கிறார். உள்துணி பிரிந்திருக்கிறது, அதை மட்டும் ரிப்பேர் செய்தால் போதும், வேறெதையும் தொடவேண்டாம், தன் மனைவி போட்டிருந்தபடியே அலமாரியில் தொங்கட்டும் என்றார்.

கவுன்ட்டரிலிருந்த கணவர் தையல்காரியைப் பார்த்தார். வாயைத் திறக்காதே, துண்டைத் திரும்ப இணைத்துவிடலாம் என்றது அந்தப் பார்வை. இணைக்கலாம்தான். ஆனால் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் இந்த மனிதர் கை அந்த மூட்டில் போய் நிற்கும்.

“அண்ணா, ஒரு கைய வெட்டிட்டேன்” என்றாள்.

பெண்ணின் அப்பா கையை நீட்டினார். துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஓரம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. தெருவில் ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. பிறகு இன்னொன்று.

“பொண்ணு போட்டுக்கவா கேட்டா?”

“போட்டுப் பாத்துட்டுத்தான் போச்சு. கண்ணாடி முன்னாடி காலர்ல மொகத்தப் பொதைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு.”

வீட்டில் இரண்டு மாதமாக அவரும் மகளும் அந்தச் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம். மகளுக்கு மனசு கல் என்றே அவர் நினைத்திருந்தாராம். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

“அப்ப அந்தக் கையையும் வெட்டிடும்மா. ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டையா இருந்தா என் பொண்டாட்டியே சிரிப்பா.”

உள்துணிக்குத் தனியாக ஒரு சீட்டுப் போடட்டுமா என்று கணவர் மெல்லக் கேட்டார். போடச் சொன்னார்.

மகள் அந்தக் கோட்டை நான்கு குளிர்காலம் போட்டாள். பிறகு வேலை கிடைத்து வேறு ஊர் போனாள். அப்பா அதே வீட்டில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு போனில் பேசுகிறார். தையல்காரியின் கணவர் முழங்கால் வலியால் வீட்டோடு தங்கிவிட்டார். கடையை அவள் நடத்துகிறாள்.