ஹெல்கா இறந்த நாள்

செல்வப்பிரியாவுக்கு ஜெர்மன் தெரியும். வாயைத் திறந்தால்தான் வராது. போன தடவை பேச்சுத் தேர்வில் மூன்று நிமிஷம் மேசையையே பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்தவள். எழுத்திலும் வாசிப்பிலும் தொண்ணூறுக்குக் குறையவில்லை. பேச்சில் பதினொன்று.

ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்காக நர்ஸ் வேலை ஒன்றை இந்த மாதக் கடைசிவரை பிடித்துவைத்திருந்தது. அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று மரியாதையாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். இன்று அக்டோபர் பதினான்கு. இன்னொரு முறை எழுத நாள் இல்லை.

அப்பா குப்பண்ணன் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பைக்கில் கூட்டிவந்தார். பாலக்காட்டில் கல்பாத்திக்குப் பக்கத்தில் தேர்வு நடக்கும் மாடிக் கட்டடத்தின் முன்னால் இறக்கிவிட்டபோது சொன்னார்.

"தப்பாப் பேசுனாலும் பரவால்ல சாமி. சத்தம் வந்தாப் போதும்."

தேர்வின் முதல் பகுதியில், ஜெர்மன் பேசும் நாட்டைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி நான்கு நிமிஷம் பேச வேண்டும். யாரைப் பற்றி என்று நாமே முடிவு செய்து வீட்டிலேயே தயாரித்து வரலாம். ஜோடியாக உட்காரும் இன்னொரு மாணவர் ஒரு கேள்வி கேட்பார். தேர்வாளர் ஒரு கேள்வி கேட்பார்.

செல்வப்பிரியா படித்த பாலக்காட்டுப் பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் ஒரே ஆள்தான். நடிகையும் பாடகியுமான ஹெல்கா வைடன்பாக். நான்கு பக்க ஜெராக்ஸ். ஐந்தாறு வருஷமாக ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குக் கொடுத்து வந்தது.

ஹெல்கா 1934இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தாள். கிணறு வற்றியதால் குடும்பம் மியூனிக் நகருக்குப் பிழைக்கப் போனது. பதினேழு வயதில் நாடகம், இருபத்திரண்டில் சினிமா. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் நடிக்க விடவில்லை. அதனால் பாட ஆரம்பித்தாள். 1998இல் மாரடைப்பில் காலமானாள்.

செல்வப்பிரியா எதையும் சரிபார்க்காமல் மனப்பாடம் செய்கிறவள் இல்லை. இரண்டு நாள் இணையத்தில் தேடினாள். ஒரு படம் இல்லை, ஒரு பாட்டு இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. பயிற்சி மையத்து ரஸியா டீச்சரிடம் போய்க் கேட்டாள்.

"அவ இருக்காளா இல்லயான்னு பரீட்சைல யாரு கேக்கறா? நீ பேசறயான்னுதான் பாப்பாங்க. போய்ப் படி."

வாய்க்காலும் கிணறும் எங்கிருந்து வந்தன என்பது அதன்பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. எல்லாம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் பெண்கள் எழுதிச் சேர்த்தவை. நான்கு நிமிஷத்தை நிரப்ப வேண்டுமே. அவளும் ஒரு வரி சேர்த்தாள். மேடை ஏறுவதற்கு முன்னால் ஹெல்கா குளியலறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் தாழ்போட்டுக்கொள்வாள்.

வராந்தாவில் ஒரு பெண் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தமிழா?" என்றாள். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மலையாளத்துல பயப்படுற மூஞ்சி இல்ல."

"ஆமாங்க. கொழிஞ்சாம்பாறை."

"நான் சிசிலி. சாந்தன்பாறை. நேத்து கிளம்பி மூணாறு, உடுமலை, பொள்ளாச்சின்னு நாலு பஸ்ஸு மாறி வந்து சேந்தேன். லிஸ்ட்டப் பாத்தீங்களா? நீங்களும் நானும்தான் ஜோடி. மொதல்ல நீங்க, அப்புறம் நான். யாரப் பத்திப் பேசப் போறீங்க?"

"ஒரு நடிகைங்க. பாடவும் செய்வாங்க. ஹெல்கான்னு..."

சிசிலி மீதி முறுக்கைப் பைக்குள் போட்டாள். "வைடன்பாக்கா?"

செல்வப்பிரியா தலையாட்டினாள்.

சிசிலி படித்தது மலைமேல் வண்டன்மேட்டில். அந்த மையத்துக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு டீச்சர் மாறிப்போனபோது ஜெராக்ஸும் கூடப் போயிருக்கிறது. மலையேறிய பிறகு ஹெல்காவின் வாழ்க்கை கொஞ்சம் மாறியிருந்தது.

"எங்க ஹெல்கா எஸ்டேட்டு லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவ. எட்டுக் குடும்பம், ஒரே குழாய். சர்ச்சுல ஈஸ்டர் நாடகத்துல நடிச்சுத்தான் பேரு வாங்குனா. போன வருஷம் தொண்ணூறாவது பொறந்தநாளுக்குக் கேக்கு வெட்டுனா."

"எங்களுக்கு அவங்க இறந்துட்டாங்க."

"எப்பம்?"

"தொண்ணூத்தெட்டுல. மாரடைப்புங்க."

சிசிலி சுவரில் சாய்ந்துகொண்டாள். "நல்லா இருந்த பொம்பளயக் கொன்னுட்டீங்களே. உங்களுக்கு அடுத்து நான் போய் அவ கேக்கு வெட்டுனாள்னு சொன்னா என்னைய வெளிய தள்ள மாட்டாங்களா? எனக்கு இது மூணாவது வாட்டி."

இருவருக்கும் வேறு ஆள் தெரியாது. கடைசியில் சிசிலியே வழி சொன்னாள். ஹெல்காவின் கல்யாணத்தோடு செல்வப்பிரியா நிறுத்திக்கொள்ள வேண்டும். "நீங்க அவளச் சாகடிக்காம எங்கிட்ட விட்ருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

தேர்வறையில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியும், மலையாளியான ஒரு சாரும் உட்கார்ந்திருந்தார்கள். அதே மேசை. செல்வப்பிரியா ஆரம்பித்தாள். மனப்பாடம் என்பதால் குரல் வந்துவிட்டது. கிணறு, மியூனிக், நாடகம், குளியலறை, மாமியார். கல்யாணத்தோடு நிறுத்தினாள். மாமியார் ஏன் நடிக்க விடவில்லை என்று, பேசிவைத்தபடி, சிசிலி கேட்டாள். பேசிவைத்தபடி பதில் சொன்னாள்.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் மியூனிக்கில் வளர்ந்தவள். இந்தப் பெயரைக் கேரளத்துக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். இந்த வருஷம் மட்டும் பதினாறு தடவை. அவர் பாடிய பாட்டை நான் எங்கே கேட்கலாம்?"

செல்வப்பிரியா மேசையைப் பார்த்தாள். பலகையின் ரேகைகள் போன தடவை பார்த்ததுபோலவே இருந்தன. இணையத்தில் கிடைக்கும் என்று சொல்லலாம். ஜெர்மனில் மூன்றே வார்த்தை. ஆனால் பாட்டின் பெயர் என்ன என்று அடுத்துக் கேட்டால்? சிசிலி செருமினாள். சார் பேனாவைத் தாளின் பக்கம் கொண்டுபோனார்.

"எங்கேயும் கேட்க முடியாது," என்றாள் செல்வப்பிரியா. "அப்படி ஒருவர் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்."

பேனா நின்றது.

இதற்குமேல் ஜெராக்ஸில் எதுவும் இல்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். பாதி வாக்கியத்தில் திரும்பிப்போய்த் திருத்தினாள். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை வரும், அதை ஒருத்தி எழுதினாள். இன்னொருத்திக்கு மாமியார் கொடுமை, அவள் அதை எழுதினாள். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. நான்கு நிமிஷம் பேச எங்களிடம் எங்கள் கதைதான் இருந்தது.

"நீங்கள் எதை எழுதினீர்கள்?" என்றார் பெண்மணி.

"குளியலறையை."

"ஏன்?"

"வாயைத் திறக்க எனக்குப் பயம். போன தடவை இந்த அறைக்கு வருவதற்கு முன்னால் பத்து நிமிஷம் உள்ளேதான் இருந்தேன். இன்றைக்கு ஐந்து நிமிஷம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குச் சிசிலியின் ஞாபகம் வந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று தான் சொல்லிவிட்ட ஆளைப் பற்றித்தான் சிசிலி இனி நான்கு நிமிஷம் பேச வேண்டும். திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"அடுத்து நீங்கள்," என்றார் சார்.

சிசிலி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"நடிகையும் பாடகியுமான ஹெல்கா வைடன்பாக் இன்று காலை பத்தேகால் மணிக்கு இந்த அறையில் காலமானார்," என்று ஜெர்மனில் தொடங்கினாள். "அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் சில வார்த்தைகள் சொல்கிறேன்."

லயமும் குழாயும் ஈஸ்டர் நாடகமும் பிறந்தநாள் கேக்கும், எல்லாம் இரங்கல் உரைக்குள் வந்து உட்கார்ந்தன. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. கடைசியில், அடக்கத்துக்கு எட்டுக் குடும்பமும் வரும், குழாயில் அன்று ஒருவரும் சண்டை போட மாட்டார்கள் என்றாள். பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இப்போது கேள்வி கேட்க வேண்டியவள் செல்வப்பிரியா. பேசிவைத்த கேள்வி எதற்கும் உதவாது.

"கடைசியாக அவர் எப்போது பாடினார்?" என்றாள்.

"போன ஞாயிற்றுக்கிழமை. சுருதி சேரவில்லை," என்றாள் சிசிலி.

படியிறங்கும்போது செல்வப்பிரியா மன்னிப்புக் கேட்டாள். "உங்களையும் மாட்டிவிட்டுட்டனுங்க."

"பேச வராது, பேச வராதுன்னு இருந்தீங்க. பேசுன பேச்சுல ஒரு ஆளே போய்ச் சேந்துட்டா." சிசிலி பையிலிருந்த பாதி முறுக்கை எடுத்து நீட்டினாள். "உள்ள ரெண்டு நிமிஷம் உங்க மேல கொலவெறில இருந்தேன். இப்பம் இல்ல. தின்னுங்க."

முடிவு இருபத்தெட்டாம் தேதி வந்தது. பேச்சில் செல்வப்பிரியாவுக்கு அறுபத்தாறு. தேற அறுபது போதும். சிசிலிக்கு எண்பத்திரண்டு. அன்று மத்தியானமே செல்வப்பிரியா சான்றிதழை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். குப்பண்ணன் செல்போனை வாங்கி அந்த அறுபத்தாறை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தோப்புக்குத் தண்ணீர் திருப்பப் போனார்.

சாயந்திரம் சிசிலி ஒரு போட்டோ அனுப்பினாள். வண்டன்மேட்டு ஜெராக்ஸின் கடைசிப் பக்கம். அடியில் யாரோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். இறப்பு: அக்டோபர் 14, பாலக்காடு.