கள்ள வழி

சோலைமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூ மார்க்கெட்டிலிருந்து வந்தவர் இன்னும் கைகூடக் கழுவவில்லை. மல்லிகையும் வியர்வையும் சேர்ந்த வாடை அடித்தது.

"உன் தங்கச்சி மாப்பிள்ள வீட்டுல சொல்லிப்புட்டாங்க. பூ வச்ச பிள்ள இன்ஸ்டா, வீடியோ கால்னு கெடக்கக் கூடாதாம். அம்புட்டையும் அடச்சு விடுலே."

சென்னையில் இரவு ஷிப்ட் நெட்வொர்க் வேலையை விட்டுவிட்டு வந்ததிலிருந்து, குத்திக்காட்டுவதற்குத்தான் அப்பா விக்னேஷ்குமாரிடம் வாய் திறந்திருந்தார். இன்று வேலை சொல்கிறார். லேப்டாப்பில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும் அதன் விலாசத்தைத் தேடித் தருவது டிஎன்எஸ். அந்த இடத்தில், வேண்டாத பெயர்களுக்கு விலாசம் தர மறுக்கும் ஒன்றைப் போட்டான். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனும் இனி அதைக் கேட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

"கள்ள வழி எதுவும் இருக்கா?"

இருந்தது. போனிலேயே வேறு டிஎன்எஸ் மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் விட்டிருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற திமிர் விடவில்லை. அதையும் அடைத்தான்.

"பரவால்லயே, தின்ன சோத்துக்கு ஒரு வேல பாத்துட்ட. ரவுட்டர் பாஸ்வேர்ட நான் மாத்திக்கிறேன். நீ அங்கிட்டுத் திரும்பு."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் அப்பா ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினார். அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மதியம் தங்கை சுகன்யா உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். மேலே இஸ்திரி போட்ட சுடிதார், துப்பட்டா. கீழே சாயம்போன வீட்டுப் பாவாடை.

"அண்ணே, மூணு மணிக்குக் கோயமுத்தூர் கம்பெனி இன்டர்வியூ. வீடியோ கால். லிங்க் தொறக்கவே மாட்டேங்குது."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா மட்டும் என்னத்தக் கிழிச்சிருப்ப?"

வேலை கிடைத்தால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளச் சொல்லலாம். அவளிடம் இருந்த ஒரே சாக்கு அது. பூ வைத்த மறுநாளே அவள் போனுக்கு ரீசார்ஜை அப்பா நிறுத்திவிட்டார். அண்ணன் போனில் ரீசார்ஜ் அவன் விட்ட வேலையோடு போயிற்று. அவள் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் கச்சிதமாக அடைபட்டிருந்தன. ஒரு பிசிறு இல்லை.

"ரவுட்டர்ல ரீசெட் ஓட்டை இருக்கு. குத்துனா அடச்சதெல்லாம் போயிரும். ஆனா நெட்டும் போயிரும், நெட்காரன் வந்துதான் திரும்ப விடணும். உன் இன்டர்வியூவுக்கு ஆகாது."

"அடச்சது போயிரும்ல?"

"போயிரும்."

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். பிறகு போன் முன்னால் போய், யாரோ கூப்பிடப் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கூடத்தில் ரவுட்டருக்கு நேர் கீழே பாயில் அப்பா படுத்திருந்தார். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்பார்கள். விக்னேஷ்குமார் ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். அவர் கண் திறந்தார்.

"என்னலே கையில?"

கையை மூடிக்கொண்டான். ஊக்கு திறந்தே இருந்தது.