முழங்கால் உயரத்தில் ஒரு வீடு

மனைவி மலையிறங்கிப் போன மறுநாள் காலையில், கல்லடுக்கியின் வீடு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நின்றது. பறந்தது என்று பின்னாளில் சிலர் சொன்னது தவறு. அது பறக்கவில்லை, சாயவில்லை, ஆடவும் இல்லை. அடுப்பு, குதிர், கூரை, உள்ளே உறங்கிய கல்லடுக்கி, அவன் மகள் எல்லாவற்றோடும் நேராக எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றது. பானையிலிருந்த நீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. கோழிகள் வீட்டின் அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தன. ஆடு, நிழல் கிடைத்ததென்று அடியிலேயே படுத்துக்கொண்டது. வழக்கம்போல் வாசலுக்கு வெளியே கால் வைத்த கல்லடுக்கி, தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் குப்புற விழுந்தான். செய்தி ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அந்த மலையில் பெண்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது விதி. விறகுக்குப் போனாலும், கிழங்கு தோண்டப் போனாலும், நெற்றிப்பட்டையில் கூடை தொங்கச் சந்தைக்குப் போனாலும், இருட்டும்போது அவரவர் கூரையின் கீழ் இருந்தார்கள். இதற்குச் சிலர் காட்டு விலங்கைக் காரணமாகச் சொன்னார்கள், சிலர் மானத்தைச் சொன்னார்கள், ஊர்த்தலைவர் முன்னோரைச் சொன்னார். உண்மையான காரணம் எவருக்கும் தெரியாது, ஏனெனில் எவரும் மீறிப் பார்த்ததில்லை. ஆண்கள் தேனெடுக்கவும் மரம் வெட்டவும் வாரக்கணக்கில் காட்டில் தங்கினார்கள். அப்போதெல்லாம் வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மனைவியை இழந்தவர்கள் துக்கம் ஆறும் முன்பே அக்காள் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ குடிபோய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகள் என்ன ஆயின என்று திரும்பிப் பார்த்தவர் இல்லை.

கல்லடுக்கியின் மனைவி மலையிறங்கியதற்குக் காரணம் கம்பிவண்டி. பள்ளத்தாக்கின் மேலே கம்பியில் தொங்கியபடி, மேலே உப்பையும் மண்ணெண்ணெயையும், கீழே நோயாளிகளையும் கொண்டுபோகும் வண்டி அது. அதை இயக்குபவர் கீழேயிருந்து வர வேண்டும். மழை பெய்தால் வரமாட்டார். முந்தைய மழைக்காலத்தில், காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் வண்டி நிலையத்தில் ஒரு பகல் முழுவதும் காத்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் விதிப்படி குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினாள். அவன் குழந்தையைக் கூடையில் வைத்துச் சுமந்து இறங்கினான். குழந்தை பிழைத்தது. எதனால் இந்த இருமல் தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் ஊர் அறிந்தது. அதன் பிறகு, மலைக்காரர் ஒருவர் ஒரு பருவம் கீழே தங்கி இயந்திரத்தைக் கற்றால் வேலை அவருக்கே என்று நிர்வாகம் அறிவித்தது. தேர்வு எழுதிய ஆண்கள் அனைவரும் தோற்றார்கள். திருமணத்துக்கு முன் விடுதிப் பள்ளியில் படித்த அவள் ஒருத்தி தேறினாள். ஆண்கள் கற்களில் அமர்ந்தும் பெண்கள் பின்னால் நின்றும் நடக்கும் ஊர்ச்சபை, நெடுநேரம் தாடியைத் தடவிய பின் ஒப்புக்கொண்டது. வீட்டுக்குக் கேடு வந்தால் அவள் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. கேடு மேல்நோக்கி வரும் என்று எவரும் நினைக்கவில்லை.

ஊர்த்தலைவர் நிலமளக்கும் கயிற்றோடு வந்து, அதை வீட்டின் அடியில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்துப் பார்த்தார். தடையின்றி வந்தது. "கதிர் அறுக்கற வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இறங்கலைன்னா அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடணும். வண்டியாவது, மண்ணாவது!" என்று தீர்ப்புச் சொன்னார். கல்லடுக்கி தலையாட்டினான். ஆனால் அவளைத் திரும்ப அழைக்க அவனுக்கு மனமில்லை. கொட்டும் மழையில் கூடையைச் சுமந்து இறங்கிய பாதை அவன் கால்களுக்கு நினைவிருந்தது. அவன் அடுக்கு வயல்களுக்குக் கல்கட்டுக் கட்டுகிறவன். சாந்து வைக்காமல் அவன் அடுக்கிய சுவர் எந்த மழைக்கும் நகர்ந்ததில்லை. ஆகவே, எழும்பியதை இறக்கப் பாரம் ஏற்றினால் போதும் என்று நினைத்தான். அந்தத் தொழிலில் இருப்பவர் வேறு எப்படியும் நினைத்திருக்க மாட்டார். நண்பர்களோடு ஒரு நாள் முழுவதும் கல் சுமந்து உள்ளே அடுக்கினான். வீடு இடுப்பு உயரத்துக்குப் போனது. கல்லை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினான். ஊரிலேயே கனமான மனிதர், பத்தாயம் என்று பட்டப்பெயர் பெற்றவர், ஏணி வைத்து ஏறி நடுவீட்டில் உட்கார்ந்தார். "ஏறினதுல நாக்கு வறண்டுபோச்சு. சொம்பு எங்கப்பா?" என்று கேட்டார். "தெரியலையே மாமா, அவதான் எடுத்துக் குடுப்பா" என்றான் கல்லடுக்கி. வீடு மேலும் ஒரு விரல் ஏறியது.

பக்கத்து வீட்டில் அவனுடைய அக்காள் இருந்தாள். கணவனை இழந்து தனியே வாழ்பவள். நாக்கில் கொடுக்கு உள்ளவள். "கல்லு ஏத்தினியே, உன் மூளையையும் சேர்த்து ஏத்தியிருக்கலாமே, அதுவும் அதே கனம்தான்" என்றாள்.

"கிண்டல் போதும்க்கா. அவ வர்ற வரைக்கும் நீ இங்க வந்து இருந்துடேன்."

"நானா? என் வீட்டை யாருடா பிடிச்சுக்குவா?" என்றவள், ஆனாலும் தம்பியாயிற்றே என்று ஏணியில் ஏறி ஒரு காலை உள்ளே வைத்தாள். அவளுடைய வீட்டுத் தூண்கள் முனகும் ஓசை கேட்டதும் காலை எடுத்துக்கொண்டாள். "பாத்தியா? அது இருக்கட்டும். பிள்ளை ஏன் சோத்தைத் துப்பறா? உப்பு போடலையா?"

"உப்பு தீர்ந்துபோச்சு போல."

"தீர்ந்துபோச்சா! அடுப்புக்குப் பின்னாடி மூங்கில் குழாய் நிறைய இருக்குடா. புகை பட்டா ஈரம் ஏறாதுன்னு அவ அங்கதான் வைப்பா. இத்தனை வருஷமா தின்ன உப்பு எங்க இருக்குன்னு தெரியாத ஆம்பளையை இப்பத்தான் பாக்கறேன்."

அன்று வீடு அசையவில்லை. மறுநாள், உலை கொதிக்கும்போது, எவரும் சொல்லாமல் அவன் கை தானாக மூங்கில் குழாய்க்குப் போனது. அப்போது காலுக்கடியில் ஏதோ மெல்லத் தாழ்ந்தது. சுவரின் விரலளவுச் சாய்வையும் வெறுங்கண்ணால் பிடிக்கிறவன் அவன். ஆயினும் வாசலிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்தே உறுதி செய்துகொண்டான். வீடு ஒரு விரல் இறங்கியிருந்தது.

அதன் பின் அவன் கல்லைத் தேடவில்லை. எந்தக் கோழி குதிருக்கு அடியில் திருட்டுத்தனமாக முட்டையிடும், கூரையில் எந்த மூங்கிலின் வழியாகச் சாரல் வரும், எந்தப் பயிரின் விதையை எந்தப் பயிரின் விதைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பவை ஒவ்வொன்றாக அவனுக்குள் வந்து உட்கார்ந்தன. மகள் சிலவற்றைச் சொன்னாள், அக்காள் பலவற்றைத் திட்டினாள். ஆனால் சொல்லிச் செய்த வேலைக்கு வீடு இறங்கவே இல்லை. சொல்லாமல் நினைவு வந்ததற்கு மட்டுமே இறங்கியது. பத்தாயத்திடம் பெருமையடித்த அன்று சற்று ஏறவும் செய்தது. ஏணி முக்காலியாயிற்று, முக்காலி ஒரு தட்டைக்கல் ஆயிற்று. நிழல் சுருங்கியதால் ஆடு கோபித்துக்கொண்டு வேறிடம் போனது.

இதே காலத்தில், கீழே பயிற்சி விடுதியில் அவனுடைய மனைவி படுத்த இரும்புக் கட்டிலின் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. உடற்பரிசோதனையில் அவள் ஏறி நின்ற எடை இயந்திரத்தின் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றித் தட்டி நின்றது. பாடத்தில் அவள் முதலாவதாக இருந்தாள். ஆனால் கம்பிவண்டிக்குள் அவள் காலை வைத்ததும் வண்டி தொய்ந்தது. அதனால் பயிற்சியாசிரியர் அவளுக்குத் தேர்ச்சி கொடுக்கத் தயங்கினார். "பாக்க ஒல்லியா இருக்கீங்க. வண்டி ஏம்மா இப்படி இறங்குது?" என்று கேட்டார். "வீட்டை நினைச்சுக்கிட்டே இருக்கேன் சார்" என்றாள். அவர் மணமானவர்; மேற்கொண்டு கேட்கவில்லை. வாரங்கள் போகப் போக அவளுக்கு ஒன்று விளங்காமல் இருந்தது. ஒரு மாலை உப்பைப் பற்றிக் கவலைப்பட முயன்றாள், முடியவில்லை. பிறகு கூரைச் சாரல் நினைவிலிருந்து நழுவியது. கட்டில் கால்கள் தரையிலிருந்து சிறிது சிறிதாக மேலே வந்தன.

கதிர் அறுக்கும் நாள் வந்தபோது வீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் மீதி இருந்தது. ஊர்ச்சபை அங்கேயே கூடியது. தலைவர் கயிற்றை அடியில் விட்டு இழுத்தார். உரசியது, ஆனால் வந்தது. "விதின்னா விதிதான். ஆளை அனுப்புங்க" என்றார். "ஒரு விரல்தான் பெரியவரே, இன்னும் நாலு நாள்..." என்று கல்லடுக்கி கெஞ்சத் தொடங்கினான். தலைவர், எவரும் பிறகு குறை சொல்லக் கூடாதென்று கயிற்றை இரண்டாம் முறையாகவும் உள்ளே விட்டார். கல்லடுக்கி பாதிப் பேச்சில் நின்று மூக்கை உயர்த்தினான். காற்று திசை மாறியிருந்தது. அதில் ஈரம் இருந்தது. மற்ற ஆண்களுக்கு அது வெறும் காற்று.

"பாறையில விதை காயுது. பிள்ளையும் அங்கதான் விளையாடறா, முதுகு நனைஞ்சா இருமல் பிடிச்சுக்கும்" என்று யாரிடமும் சொல்லாததுபோல் சொல்லிவிட்டு, தீர்ப்பைக் கேட்காமல் மேல் வயலை நோக்கி ஓடினான்.

"பேசிக்கிட்டு இருக்கும்போதே ஓடறான் பாரு, பொம்பளை மாதிரி!" என்றார் தலைவர்.

"ஆமா, பொம்பளை மாதிரிதான்" என்றாள் பின்னால் நின்ற அக்காள்.

நிறைகூடையைத் தரையில் இறக்கிவைப்பதுபோல் ஓர் ஓசை கேட்டது. தலைவர் கயிற்றை இழுத்தார். வரவில்லை. பத்தாயமும் சேர்ந்து இழுத்தார். கயிறு வராமல் இருவரும் உட்கார்ந்தார்கள். தூறல் விழத் தொடங்கியது. சபை கலைந்தது, எவரும் கலைக்கவில்லை.

அதே நாளில் கீழே, அவள் வண்டிக்குள் காலை வைத்தாள். வண்டி அசையவில்லை. காரணம் தெரியாமலே அவள் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு விசையை இழுத்துப் பள்ளத்தாக்கின் குறுக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினாள்.

அவள் ஊர் வந்த மாலை, அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "உப்புக் குழாயை ஏன் இடம் மாத்தினீங்க?" என்று கேட்டாள். "இங்க வெச்சாத்தான் என் கை எட்டுது" என்றான் அவன். அவள் பாயை விரித்து, சூரியன் நன்றாக ஏறும்வரை உறங்கினாள். வீடு அசையவில்லை. அந்த மழைக்காலத்தில் கம்பிவண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஒருத்தி செவிலியர் படிப்புக்கும், ஒருத்தி தையல் கூடத்துக்கும், அக்காள் எந்தக் காரணமும் சொல்லாமல் கடலைப் பார்த்துவரவும் மலையிறங்கினார்கள். அக்காள் வீட்டைத் தம்பி பார்த்துக்கொண்டான். வீடுகள் எழும்பின, பிறகு இறங்கின. அதற்காக எவரும் சபையைக் கூட்டவில்லை. வழியில் போகிறவர்கள், துணி நனைகிறது என்று சொல்வதைப்போல், "மாமா, வீடு ஒரு விரல் ஏறியிருக்கு, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்லடுக்கியை ஊர் இப்போது கம்பிவண்டிக்காரியின் புருஷன் என்கிறது.

தலைவர் வீட்டடியில் சிக்கிய கயிற்றில் தம் பக்கம் எஞ்சியதை அறுத்துக்கொண்டு போனார். அது குட்டையாக இருந்ததால் ஊரார் வயல்கள் எல்லாம் சில காலம் அளவில் பெரிதாக இருந்தன. வீட்டின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில்தான் ஆட்டைக் கட்டுகிறார்கள்.