தொட்டிக்கு யார் போவது

கூட்டம் என்றாலே ஐயாவு என்கிற பெரியவருக்கு ஆகாது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிற்கும்போது, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று துரை கேட்பார். வாயைத் திறந்தவனுக்கு மறுநாள் பால் வெட்ட மேட்டு நிரை, ஏறி இறங்கியே முதுகு ஒடியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய் வீடுகள் வந்தன. ஐயாவு ஈப்போவில் ஒரு டோபி கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். ஓட்டல் துணி வெளுக்கும் வேலை. வயதைப் பார்த்து அவரை லீடர் என்றார்கள். பேருக்குத்தான். யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் ஆபீஸ் சொல்லும்.

கறைத் துணியைப் பிளீச் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுக் கையால் அலச வேண்டும். அந்தத் தொட்டியில் வருஷக்கணக்காக வீரம்மாதான். கொடுக்கிற கையுறை சீக்கிரம் கிழியும், அடுத்தது லேசில் வராது. விரலிடுக்கெல்லாம் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

ஒரு சனிக்கிழமை, தலைமைத்துவப் பயிற்சி என்று எல்லோரையும் வேனில் ஏற்றி ஓர் ஓட்டலுக்குக் கொண்டுபோனார்கள். தொட்டி வேலையை வாரத்துக்கு ஒருத்தராக மாற்றிக்கொள்ளக் கேட்பது என்று வேனிலேயே பேச்சானது.

“ஐயாவுண்ணே பேசட்டும்லா. அவருதான் நம்ம ஒய்பி, நம்ம தொகுதி எம்பி,” என்றான் சுரேன்.

“ஒய்பின்னா கார் எங்கடா?” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

“இந்த வேன் என்னவாம்? டிரைவரோட குடுத்திருக்கோம்.”

வீரம்மா சிரிக்கவில்லை. “நீங்க ஆரம்பிங்கண்ணே. நாங்க எல்லாம் சேந்துக்கிறோம்.”

பயிற்சி கொடுக்க கோலாலம்பூரிலிருந்து ஷர்மினி என்ற பெண் வந்திருந்தாள். நல்ல தலைவன் மற்றவர்கள் பேசாததையும் பேசுவான் என்றாள். இந்த அறையில் எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். பிறகு பலூனை வயிற்றில் இடுக்கிக்கொண்டு ஓடச் சொன்னாள். மேனேஜர் சுகுமாரனும் ஓடினார், விழுந்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படிச் சிரிக்கிற மனுஷன் கடிக்க மாட்டான் என்று ஐயாவு நினைத்துவிட்டார். ஆயுசுக்கும் யாரையும் நம்பாதவர் நம்பியது அந்த ஒரு மத்தியானம்தான்.

எழுந்தார். தொட்டியைச் சொன்னார், கையுறையைச் சொன்னார், வீரம்மாவின் கையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஒருத்தரும் எழவில்லை. சுரேன் வெடித்த பலூனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“அப்படியா வீரம்மா?” என்றார் சுகுமாரன், முகம் மாறாமல்.

வீரம்மா இரண்டு கையையும் மேசைவிரிப்புக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். “எனக்கு ஒன்னும் இல்ல சார். பழகிடுச்சு.”

திரும்பும்போது வேனில் மெல்லச் சொன்னாள். “அடுத்த மாசம் காண்ட்ராக் முடியுதுண்ணே. நான் வேற என்ன செய்வேன்?”

ஐயாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

திங்கட்கிழமை சுகுமாரன் கூப்பிட்டார். “நீங்க சொன்னத சீரியஸா எடுத்துக்கிட்டோம்ணே. வீரம்மாவ தொட்டியிலேருந்து எடுத்தாச்சு. இனிமே அவங்கதான் லீடர். குறையே சொல்லாத மனசு பாருங்க.”

“அப்ப தொட்டிக்கு?”

“அத லீடர் முடிவு பண்ணட்டும்லா. இப்பல்லாம் அதான் முறை.”

வீரம்மா கையுறையோடு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “ஐயாவுண்ணே, தொட்டி.”

“ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. சுரேனுக்குக் கைப்பிள்ள. சரளாவுக்கு மூச்சு இழுப்பு. வேற யார அனுப்புவேன், சொல்லுங்க?”

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் இடத்தில் இருந்தால் அவரும் அதையேதான் செய்திருப்பார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கையுறையை வாங்கிக்கொண்டு போனார்.

மாற்றி மாற்றிப் போகிற ஏற்பாடு வரவே இல்லை. மழை தொடங்கியபோது ஐயாவுவின் விரலிடுக்கு வெந்திருந்தது. மறுபடியும் பயிற்சி, அதே ஓட்டல். இந்த முறை ஷர்மினிக்குப் பக்கத்தில், புண் ஆறிய கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வீரம்மா நின்றாள்.

“யாருக்காச்சும் குறை இருந்தா பயப்படாம சொல்லுங்க,” என்று சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். சொல்லும்போதே கண் ஐயாவு பக்கம் வந்து நின்றது. “ஐயாவுண்ணே?”

ஐயாவு கைகளை மேசைவிரிப்புக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவரே அலசிய விரிப்பு. பிளீச் வாடை இன்னும் போகவில்லை.

“ஒன்னும் இல்லம்மா,” என்றார்.