ஆறு முறை வளைந்த வேர்

மூன்றாம் வகுப்புக்கு அது பயறு வாரம். திங்கட்கிழமை காலை டீச்சர் ஆளுக்கொரு கண்ணாடி பாட்டிலும் ஈரப்பஞ்சும் ஊறவைத்த ஒரே ஒரு பயறும் கொடுத்தார். பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறைச் செருகி, இறுக்கி மூடி, வெளியே பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நன்றாக முளைத்தவை வெள்ளிக்கிழமை வேலியோரப் பாத்திக்குப் போகும்.

வகுப்பிலேயே பொடிசு குருவி. அவளுக்கு அந்தப் பாத்திமேல்தான் கண். அவள் அம்மா பஸ் கண்டக்டர். தினமும் பதினொரு மணிக்கு அம்மாவின் பஸ் பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில் ஊர்ந்து போகும். "வெள்ளிக்கிழமை எட்டிப் பாரும்மா, என் செடி இருக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்குக் கொடுத்த மகராசி பாட்டிலை மடியில் கவிழ்த்துப் பிடித்தபடி சீட்டை ஒட்டியதில், எழுத்தெல்லாம் தலைகீழாகிவிட்டது. பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் பாட்டில் மூடியின்மேல் நின்றது. குருவி பதறிப்போய் நிமிர்த்தி வைத்தாள். புதனும் அதே கதை, வியாழனும் அதே கதை. மற்றவர்களின் வேர் நூல் பிடித்தாற்போல் இறங்கியிருக்க, இவளுடையது வளைந்து நெளிந்து கிடந்தது. சொன்னால் டீச்சர் அதை ஒதுக்கிவிடுவார் என்று பயந்து வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். குருவியின் பாட்டிலில் நின்றுவிட்டார்.

"யாரு இதத் திருப்பித் திருப்பி வச்சது?"

"நான் நிமித்திதான் வச்சேன் டீச்சர்!" குருவிக்கு அழுகை முட்டியது.

வகுப்புத் தலைவி எழுந்தாள். அதிகாரம் தூள் பறப்பதால் அவளுக்குப் பெயரே கலெக்டர். "தெனமும் சாயந்திரம் நான்தான் கவுத்தேன். அடுக்கும்போது பேரு நேரா தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவ சீட்டு தலைகீழா இருக்கு, நான் என்ன பண்ணட்டும்?"

ஒழுங்கு, ஒழுங்கு என்று உயிரை வாங்கும் டீச்சர் அந்தத் தலைகீழ்ச் சீட்டை உற்றுப் பார்த்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எல்லாரும் கிட்ட வாங்க. பகல்ல நிமிந்து இருந்திருக்கு, ராத்திரி பூரா கவுந்து கெடந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் இந்த வேர் கீழ எதுன்னு கண்டுபிடிச்சு அந்தப் பக்கம் திரும்பியிருக்கு, பாருங்க."

குருவி எண்ணினாள். ஆறு வளைவு. கண் கிடையாது, காது கிடையாது, இருட்டில் வழி கேட்க ஒரு ஆள் கிடையாது. துக்கடா பயறு! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தைக்கடைபோல் இருக்கும் வகுப்பு பாட்டிலைச் சுற்றி நெருக்கி நின்றது.

"அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" குருவி கேட்டாள்.

"எனக்கே தெரியல கண்ணு. படிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

டீச்சர் தெரியாது என்று சொல்லிப் பிள்ளைகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப இத நடலாமா?"

"இததான் மொதல்ல நடணும்."

குழி தோண்டியாகிவிட்டது. ஆனால் குருவி பாட்டிலை விடவில்லை. வேர் மண்ணுக்குள் போய்விட்டால் அம்மா எதைப் பார்ப்பாள்? பதினொரு மணிக்கு பஸ் ஊர்ந்து வந்தபோது டீச்சரே அவளை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அம்மா படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"செடி எங்கடி?"

"இதோம்மா! ஆறு தடவ திருப்பிப் போட்டும் கீழ எதுன்னு மறக்கல, பாரு!"

அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு விசிலை எடுத்து ஓங்கி ஊதினாள். நிறுத்தமே இல்லாத அந்த இடத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் நீண்டன.