மறுபடி வருவீர்களா?

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மில்லி தன் மனைவியின் சமையலுக்குக் கொடுத்த பாராட்டு ஒரே ஒரு வார்த்தைதான்: "பரவாயில்லை." உப்பு சரியாக இருந்தாலும் பரவாயில்லை. உப்பே போட மறந்தாலும் பரவாயில்லை. ஒருநாள் அவள் வேண்டுமென்றே மிளகுத்தூளை அள்ளிக் கொட்டி வைத்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற, மனுஷன் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார், "பரவாயில்லை." இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? சுவரில் முட்டிக்கொண்டால் தலையாவது வலிக்கும்.

மில்லி என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. "ரெண்டு மில்லி ஊத்து, மூணு மில்லி எடு" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வெப்பமானி இருக்கும். மனைவி தையல்காரி. அந்தக் கல்லூரியில் நடமாடும் வெள்ளைக் கோட்டுகளில் முக்கால்வாசி அவள் மிஷினில் பிறந்தவை. நல்லவள்தான், கோபம்தான் கொஞ்சம் தூக்கல்.

வம்பைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியது மாணவர் நலச் செயலாளர். பேர்தான் பெரிசு, ஆள் ஒல்லிப் பையன்.

"அண்ணே, புதுசா சேர்ற பசங்களுக்கு ஒரு கையேடு போடுறோம். கம்மிக் காசுல, இருபத்து நாலு மணி நேரமும் இந்த ஊர்ல எங்கெங்க சாப்பிடலாம்னு. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு, மூணு மணி நேரத்துக்கு ஒரு கடை. மொத்தம் எட்டு. நீங்க சாப்பிடணும், அக்கா எழுதணும்."

"நான் எதுக்குப்பா?"

"நாங்க போனா எல்லாத்தையும் சூப்பர்னு எழுதிருவோம்ணே. நீங்கதான் அளந்து பேசுவீங்க."

ஒரு உறையில் கொஞ்சம் பணம் கொடுத்தான். கடைக்கு ஒரு தட்டு வாங்கலாம், அவ்வளவுதான் தாங்கும். கூடவே கட்டம் போட்ட ஒரு படிவம். கடை, முகவரி, விலை, சுவை எப்படி, மறுபடி வருவீர்களா. கடைசிக் கட்டத்தைச் சாப்பிட்டவரே கைப்பட எழுத வேண்டுமாம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

அன்று ராத்திரி தையல்காரி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "இந்தாங்க, இப்பவே சொல்லிட்டேன். நாளைக்கு ஏதாவது ஒரு கடையில உங்க வாயில 'பிரமாதம்'னு வந்துச்சோ, அதோட உங்களுக்குச் சமைக்கிறதை நிறுத்திருவேன். அந்தக் கடைக்காரனையே கட்டிக்கிட்டுப் பொழைச்சுக்கோங்க."

"நான் எதுக்கும்மா அப்படிச் சொல்லப் போறேன்?" என்றார் மில்லி. சொல்லமாட்டார் என்றுதான் அவளும் நம்பினாள். பதினோரு வருஷம் சொல்லாத வாய், நாளைக்கா சொல்லிவிடும்?

காலை ஆறு மணி. பேருந்து நிலையத்து டீக்கடை. மில்லி பையிலிருந்து வெப்பமானியை எடுத்து கிளாசுக்குள் விட்டார்.

"டீக்குக் காய்ச்சலா சார்?" என்று கவலையோடு கேட்டார் கடைக்காரர்.

"அறுபத்தெட்டு டிகிரி" என்று சொல்லிவிட்டு மில்லி ஒரு வாய் குடித்தார், பன்னில் ஒரு கடி கடித்தார். கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மில்லி தொண்டையைச் செருமினார்.

"பிரமாதம்!"

தையல்காரியின் பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் காலை ஆறு மணிக்கே கெட்டுவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"பிரமாதம். எழுதிக்கோம்மா. இந்தா, உனக்குப் பாதி பன்."

"பிரமாதமானதை நீங்களே தின்னுங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்." எழுதினாள், படிவத்தை அவர் மடியில் எறிந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் கடைசிக் கட்டத்தில் என்னவோ எழுதினார். அவள் பார்க்கவே இல்லை. கோபம் வந்தால் அவளுக்குக் கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பும்.

ஒன்பது மணிக்கு விடுதிச் சிற்றுண்டிச் சாலை. ரொட்டியும் ஜாமும். ரொட்டிக்கு ஜாமைத் தடவினார்கள் என்று சொல்வதைவிட, காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லலாம். பரிமாறிய அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். "பிரமாதம்மா!"

பன்னிரண்டு மணிக்கு, 'அளவில்லாச் சாப்பாடு' என்று பலகை மாட்டிய ஓட்டல். இரண்டாம் தடவை சோறு கேட்டதும் பரிமாறுபவர் கையை விரித்தார். "அளவில்லைன்னா, எவ்வளவு போடுவோம்னு முன்கூட்டியே சொல்ல மாட்டோம்னு அர்த்தம் சார்." அளவிலேயே பிழைப்பு நடத்தும் மனுஷன் இதற்காவது கொதித்தெழுவார் என்று தையல்காரி ஆசையாகக் காத்திருந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "எப்படி சார் இருக்கு?" என்றார். "பிரமாதங்க!"

மூன்று மணிக்கு நூலகத்துப் பக்கத்துக் கேக் கடை. அங்குலக் கணக்கில் விற்பனை. அளவுகோலை வைத்து வெட்டும்போது அளவுகோல்தான் உடைந்தது, கேக் உடையவில்லை. அதுவும் பிரமாதம்.

அவளுக்கு வயிறு காந்தியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் கோபமும்தான் உள்ளே போயிருந்தன. ஆனாலும் வீம்பு விடுமா?

ஆறு மணிக்கு விளையாட்டு மைதானத்துச் சரிவில் நூடுல்ஸ் வண்டி. அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது. மேட்டில் ஆர்டர் கொடுத்தால் வண்டியோடு நடந்துகொண்டே போக வேண்டும், பள்ளத்துக்கு வரும்போது நூடுல்ஸ் தயாராக இருக்கும். வண்டிக்காரர் ஒரு கையால் கிண்டிக்கொண்டும் இன்னொரு கையால் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டும் ஓட, பின்னால் மில்லி ஓட, அவருக்குப் பின்னால் தையல்காரி படிவத்தோடு ஓடினாள். பள்ளத்தில் வண்டி ஒரு மரத்தில் முட்டி நின்றது. அதுதான் தினமும் நிற்கும் இடமாம். மூச்சு வாங்கிக்கொண்டே மில்லி ஒரு வாய் தின்றார்.

"பிர... மாதம்!"

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "போதும்! பதினோரு வருஷம் அடுப்படியில வெந்து ஆக்கிப் போட்டேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருப்பீங்களா? உள்ளூர் மாடு விலை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

மில்லி திருதிருவென்று விழித்தார். "அவங்க நின்னு மூஞ்சியையே பாக்குறாங்கம்மா. வேற என்ன சொல்ல முடியும்?"

"நானுந்தான் நின்னு பாத்தேன்! பதினோரு வருஷமா!"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். வண்டிக்காரர் பயந்துபோய், "வேணும்னா காரம் கம்மி பண்றேன்க்கா" என்றார். மில்லி தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அதற்கப்புறம் அவள் பத்தடி தள்ளியே நடந்தாள். ஒன்பது மணி ஓட்டலில் பட்டியல் மட்டும் பதினாலு பக்கம். கேட்டதெல்லாம் இல்லை. "பின்ன என்னதான்யா இருக்கு?" என்று தையல்காரி வெடித்ததற்கு, "உக்கார நாற்காலி இருக்கும்மா" என்றார் பரிமாறுபவர். கடைசியில் ஒரு சூப் வந்தது, கூடவே சமையற்காரரும் வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்குப் பெட்ரோல் பங்க் கடையில் ஒரு பப்ஸ். மில்லி வெப்பமானியைக் குத்திப் பார்த்தார். "பதினெட்டு டிகிரி. வெளியிலயும் பதினெட்டுதான்." இரண்டுமே பிரமாதம். ஆக மொத்தம் ஏழு.

மூன்று மணிக்கு ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. தெருத்தெருவாகச் சுற்றினார்கள், கால்வலிதான் மிச்சம். உறையும் காலி.

"எட்டாவது வரிசை காலியா இருக்கக் கூடாதே" என்றார் மில்லி.

"இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கண்ணு இருட்டுது. நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்கு வந்தவள் நேரே அடுப்பைப் பற்றவைத்தாள். "உங்களுக்குத்தான் சமைக்க மாட்டேன்னு சொன்னேன். எனக்குச் சமைக்கத் தடையில்லை." நாலு முட்டையை உடைத்து ஊற்றினாள். வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, பழைய ரொட்டியைக் கல்லில் வாட்டினாள். மில்லி சமையலறை வாசலில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஆய்வகத்து வடிதாளில் மடித்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தார். பாதி பன், ரொட்டி ஓரம், முக்கால் அங்குலக் கேக், கடித்த பப்ஸ்.

"இதெல்லாம் என்ன?"

"மிச்சம். அவங்க முன்னாடி வைக்க மனசு வரல."

ஒருத்தர் வாசலில் நின்று வாணலியையே வெறித்துக்கொண்டிருந்தால் எந்த மகராசிக்குச் சோறு இறங்கும்? "கண்ணு வைக்காதீங்க, வயிறு வலிக்கும்" என்று சிடுசிடுத்துக்கொண்டே பாதியைத் தள்ளி இன்னொரு தட்டில் போட்டாள். மில்லி சாப்பிட்டார். வெப்பமானி பையிலேயே இருந்தது. கடைசி ரொட்டித் துண்டால் தட்டைச் சுற்றித் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் கேட்டால்தானே!

"பரவாயில்லை" என்றார் மில்லி.

படிவத்தை மேடையில் அறைந்தாள். எட்டாவது வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கடை: எங்கள் வீடு. முகவரி: கதவு எண்ணோடு. விலை: இலவசம். சுவை: பரவாயில்லை. "இந்தாங்க, காலியா இல்ல. கடைசிக் கட்டத்தை நிரப்பிட்டுப் படுங்க!"

அவர் எழுதினார். கொட்டாவி விட்டார். போய்ப் படுத்த மறு நிமிஷம் குறட்டை கேட்டது.

தட்டைக் கழுவிவிட்டு வந்தவள், அந்தப் படிவத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் எடுத்தாள். அப்போதுதான் கடைசிக் கட்டத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். மறுபடி வருவீர்களா? டீக்கடை: இல்லை. விடுதி: இல்லை. அளவில்லாச் சாப்பாடு: இல்லவே இல்லை. கேக், நூடுல்ஸ், சூப், பப்ஸ், எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை, இல்லை.

எங்கள் வீடு: தினமும்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா! இதை வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்திரும்?" என்று குறட்டையைப் பார்த்துத் திட்டினாள். திட்டும்போதே சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது. பதினோரு வருஷத்துப் பரவாயில்லைகள் அத்தனையையும் மனசுக்குள் ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள். மிளகுத்தூள் நாளைக்கூட விடவில்லை. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

போய் அவர் தோளை உலுக்கினாள். "ஏங்க, காலையில என்ன சமைக்கட்டும்?"

"ம்... எதுவானாலும்... பரவாயில்லை."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஒல்லிப் பையன் படிவத்தைப் படித்துப் பார்க்காமலே அப்படியே அச்சடித்து, முதலாண்டு மாணவர் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டான். மறுவாரம் விடிகாலை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே ஆறு பேர், கையில் கையேடு.

"அக்கா, எட்டாம் நம்பர் இதுதானே?" என்றான் முன்னால் நின்ற நெட்டையன். "ஏழு கடை பிரமாதமாம், ஆனா மறுபடி போகக் கூடாதாம். இங்க மட்டும் தினமும் வரலாமாம். இலவசம்னு வேற போட்டிருக்கு."

தையல்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஒல்லிப் பையனின் ஏழு தலைமுறையையும் வைதாள். "இன்னிக்கு ஒரு நாள்தான், சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஒரு டஜன் முட்டையை உடைத்தாள். பசியோடு வந்து வாசலில் நிற்கிற பிள்ளைகளை வேறென்ன செய்ய?

பையன்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் இடுப்பில் கைவைத்து நின்று அவர்கள் முகத்தையே பார்த்தாள். நெட்டையன் முதல் வாய் தின்றான். நிமிர்ந்தான். முகமெல்லாம் மலர்ந்தது.

"அக்கா... பிரமாதம்!"

தையல்காரியின் முகம் சுண்டிவிட்டது.

"ஏன்டா தம்பி," என்றாள், "எதுல குறை வச்சேன்?"