பேஸ்பால் போஸ்டர் வெளியான தேதி

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "இது ஒரிஜினல்தானே மேடம்?" என்பதுதான். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற எல்லோரும் கொல்லைப்புறத்தில் புதுச் சாமானைப் புகையில் காட்டிப் பழசாக்குகிறார்கள் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி அனுப்பி வைக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் சாதிக் அலிக்கு வராது. அதனால் அவர் முன்னால் உட்கார்ந்து விற்கிறார், நான் பின்னறையில் உட்கார்ந்து சாமானுக்கு வயது பார்க்கிறேன்.

எனாமல் தட்டின் அடியில் இருக்கிற முத்திரை, கண்ணாடியின் முதுகு, படச் சட்டத்து ஆணி என்று எதையாவது வைத்து எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடுவேன். இருபது வருடமாக ஊரார் சாமானுக்கெல்லாம் வயது சொன்ன எனக்கு, எங்கள் அம்மா வீட்டுப் பீரோவில் கிடந்த ஒரு தாளுக்கு மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு பீரோவை ஒழித்தபோது அது மறுபடி கையில் கிடைத்தது. சுருட்டி ரப்பர் போட்ட ஒரு போஸ்டர். பச்சைப் புல், அதன்மேல் பெரிய தோல் கையுறை, அதற்குள் சிவப்புத் தையல் போட்ட வெள்ளைப் பந்து, பக்கத்தில் ஒரு மட்டை. மேலே 'ஹார்பர் கல்ஸ்' என்று ஆங்கிலத்தில் அணியின் பெயரும் அதன் சின்னமும். அடியில் ஒன்றும் இல்லை. அச்சகம், வருடம் எல்லாம் இருக்க வேண்டிய அடிப்பக்கத்தை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

அது என் அப்பா ஹுமாயூனின் பெட்டியில் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தா சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு வருடம் கடல், இரண்டு மாதம் வீடு. 1988 டிசம்பரில் லீவுக்கு வந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது, கிரிக்கெட் பைத்தியம் தலைக்கேறியிருந்தது. பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த ஓர் ஆட்டக்காரரின் படத்தைச் சோற்றுப் பசை தடவி ஹால் சுவரில் ஒட்டினேன். எங்கள் வீட்டில் உருவப்படம் மாட்டுகிற வழக்கம் கிடையாது. தொழுகிற இடத்தில் முகங்கள் இருக்கக் கூடாது. கஃபா படம் போட்ட காலண்டர் ஒன்றுதான் தொங்கும். அத்தா சாயங்கால அசர் தொழ வந்தார், பார்த்தார், கிழித்தார்.

"உருவம் இருக்க வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாகம்மா" என்று பொறுமையாகத்தான் சொன்னார். மலக்குமார் என்றால் தேவதூதர்கள்.

"அப்ப நீங்களும் வராதீக. கப்பல்லயே கெடங்க" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு அவர் கிளம்புகிற வரை, ஒரு வாரம், அவரிடம் பேசவில்லை. 1989 பிப்ரவரி இருபதாம் தேதி அவர் கிளம்பினார். நான் பக்கத்து வீட்டு மாடியில் போய் ஒளிந்துகொண்டேன். வாசலில் நின்று என் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார். ஜூன் மாதம் கப்பலிலேயே மாரடைப்பு வந்து இறந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் அடக்கம் செய்தார்கள். எங்களுக்கு வந்தது ஒரு தந்தியும் இந்தப் பெட்டியும்தான்.

பெட்டியைச் சென்னையிலிருந்து எடுத்து வந்த மாமு, என் தாய்மாமன், போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இது பழசும்மா. முந்தின லீவுலயே மச்சான் பெட்டில பாத்த ஞாபகம்" என்றார். மாமுவின் ஞாபகம் அப்படியொன்றும் கெட்டியானதல்ல. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் முப்பத்தாறு வருடம் என்னோடு இருந்தது. பழசு என்றால் அது யாரோ கொடுத்த ஏதோ ஒரு தாள். சண்டைக்குப் பிறகு வாங்கியது என்றால் அது எனக்கு. அத்தா கடைசி வரைக்கும் என்மேல் கோபமாக இருந்தாரா இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வழி எனக்கு இல்லை.

பின்னறையில் வைத்து அதைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் ஊசித் துளை இல்லை, பசைக் கறை இல்லை. ஒரு நாள்கூட எங்கேயும் மாட்டாத தாள். தாளை வைத்து எண்பதுகள் என்று சொல்லலாம். அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. பேஸ்பால் என்றால் ஒரு மண்ணும் தெரியாது.

இணையத்தில் இப்படிப்பட்ட போஸ்டர்களைச் சேகரிக்கிறவர்களின் குழு ஒன்று இருந்தது. படம் எடுத்துப் போட்டு, இது எப்போது வெளியானது என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் ஏழு பதில். ஏழும் ஒரே பதில்தான்: அடி வெட்டியிருக்கிறது, விலை போகாது. விலை கேட்டேனா நான்? வந்த ஆத்திரத்தில் செல்போனைத் தூக்கிப் பஞ்சு மூட்டைமேல் போட்டேன்.

"வெளிநாட்டுக்காரவுகளும் நம்ம ஆளுக மாதிரிதான் இருக்காக போல" என்று சாதிக் அலி சிரித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீகளா?" என்றேன்.

எட்டாவது பதில் மறுநாள் வந்தது. ரஸ்ஸல் என்று ஒருவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த அணி அவர் ஊர் அணி, சின்ன அணி, கலைந்துபோய் வெகுகாலமாகிவிட்டது. 'இந்தச் சின்னத்தை அவர்கள் போட்டது 1988, 89, 90 மூன்று வருடம்தான்' என்று எழுதியிருந்தார்.

நல்ல மனிதர், ஆனால் என்னைச் சரியாக நடுவில் நிறுத்திவிட்டார். அத்தாவின் கப்பல் நிலக்கரி ஏற்ற ரஸ்ஸலின் ஊர்த் துறைமுகத்துக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை போகும். 88 என்றால் மாமு சொன்னது சரி. 89 என்றால் நான் ஆசைப்படுவது சரி. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ரஸ்ஸல் ஒரு படம் அனுப்பினார். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் வெட்டாத முழு போஸ்டர் இருந்ததாம். அதில் கீழே ஒரு சாண் உயரத்துக்கு ஆறு ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் உரசி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் பொடி எழுத்தில் 1989.

நான் அந்த வருடத்தை அப்புறம்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது அந்த ஆறு முகங்களை.

எங்கள் போஸ்டரை எடுத்து வெட்டிய ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கத்தரிக்கோல் வெட்டு இல்லை. கத்தியை வைத்து ஒரே இழுப்பில் கோணாமல் இழுத்த வெட்டு. அம்மாவுக்குப் பழைய துணியைக்கூட நேராகக் கிழிக்க வராது. வெங்காயம் நறுக்கினால்கூட அளவெடுத்த மாதிரி நறுக்குகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். முகங்கள் இருந்த பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, மட்டையும் பந்தும் கையுறையுமாக, சுவரில் மாட்டுவதற்குத் தோதாக ஆக்கி வைத்திருந்தார். அது கிரிக்கெட் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மட்டை இருக்கிறது, பந்து இருக்கிறது, போதாதா?

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்னறைக்கு ஓடிப் போய்ச் சாதிக் அலியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"89ன்னு போட்டிருக்கது சரித்தான் சுலைகா. ஆனா சிவகாசியில அடுத்த வருசத்துக் காலண்டர ஆடி மாசமே அடிச்சுடுறாகல்ல? இதையும் 88லயே அடிச்சு வெளிய விட்டிருந்தா?"

அவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தீபாவளிக்கு முன்பே அடுத்த வருடக் காலண்டரைக் கையில் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். சண்டைக்கு முந்தின நவம்பரிலேயே அத்தா அதை வாங்கியிருக்கலாம். முகம் ஆகாது என்பது அவருக்குச் சண்டை போட்டபிறகா தெரிந்தது? எப்போது வாங்கியிருந்தாலும் வெட்டித்தான் இருப்பார்.

எந்த மாதம், எந்தத் தேதி வெளியானது என்று ரஸ்ஸலிடம் மறுபடி கேட்டேன். அவர் பாவம் குழம்பிப்போனார். 'வருடம் தெரிந்துவிட்டதே, தேதி எதற்கு?' என்று எழுதினார்.

அன்று மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். கிழித்த படம், நான் சொன்ன வார்த்தை, பக்கத்து வீட்டு மாடி, வாசலிலிருந்து இரண்டு தடவை கேட்ட என் பேர். 'கப்பல்லயே கெடங்க' என்று நான் சொன்னதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது ஞாபகம் இருந்ததா என்றுகூடத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒரு பஸ் டிரைவருக்கு, இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பிறகு வெளியே வந்து சாதிக் அலியிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த பித்தளைச் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலண்டர் பேச்சை எடுத்ததற்காக அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

ரஸ்ஸலிடமிருந்து பன்னிரண்டு நாள் பதிலே இல்லை. அழுமூஞ்சிப் பெண்பிள்ளை ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டோம் என்று ஓடிவிட்டார் போல என்று நினைத்தேன். மனிதரை என்னென்னவோ திட்டினேன். அத்தனைக்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர் ஓடவில்லை. தினமும் தன் ஊர் நூலகத்துக்குப் போய், பழைய செய்தித்தாள்களின் படச்சுருளை மெஷினில் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார். கண்புரை அறுவை செய்த கண்ணாம். 1988 ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு நாளாக. சிவகாசிக் கதையையும் நான் எழுதியிருந்தேனே, அதனால் அங்கிருந்து ஆரம்பித்தாராம்.

பதிமூன்றாம் நாள் காலை அந்தக் கடிதம் வந்தது. கூடவே ஒரு விளம்பரத்தின் நகல். எந்தக் கடையிலும் விற்காத போஸ்டர் அது. ஒரே ஒரு நாள், மைதான வாசலில் இலவசமாகக் கொடுத்தது. 1989 ஏப்ரல் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்றரை மணி.

பிப்ரவரி இருபதுக்குப் பிறகு ஐம்பத்தைந்து நாள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த வருடம் அது ரமலான் மாதம், எட்டாவதோ ஒன்பதாவதோ நோன்பு. என் அத்தா நோன்பு வைத்துக்கொண்டு, பகல் வெயிலில், அவருக்குத் தெரியாத ஒரு விளையாட்டின் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன். முன்னறையில் ஊஞ்சல் பலகை விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாதிக் அலி அவர்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். அவரிடம் போனைக் கொடுத்தேன். மீதியைப் படிக்க எனக்குக் கண் தெரியவில்லை.

அவர்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். பிள்ளைக்கு ஒன்று. பிள்ளை நேரில் வர வேண்டும்.

கீழே ரஸ்ஸல் எழுதியிருந்தார்: 'உங்கள் அப்பாவோடு அன்று பிள்ளை யாரும் இல்லை. வாசலில் இருந்தவரிடம் அவர் என்ன சொல்லி வாங்கினார் என்பது செய்தித்தாளில் இல்லை. அதை என்னால் கண்டுபிடித்துத் தர முடியவில்லை, மன்னிக்கவும்.'

இதற்கு ஒரு மன்னிப்பா? அந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்வது? நன்றி என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில், 'இன்றைக்கு என் வீட்டில் உங்களுக்காக துஆ செய்கிறோம். நீங்கள் எந்த மதமோ தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.

வாசலில் இருந்தவருக்கு எழுத விலாசம் இல்லை. அன்று அங்கே நின்று போஸ்டர் கொடுத்தது யார், இருக்கிறாரா இல்லையா, எதுவும் தெரியாது. சட்டம் பேசியிருக்கலாம். உன் பிள்ளை எங்கே, கூட்டி வா என்று சொல்லித் துரத்தியிருக்கலாம். அத்தா பதிலுக்கு வாதாடியிருக்க மாட்டார், தலையை ஆட்டிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியிருப்பார். அந்தப் புண்ணியவான் அப்படிச் செய்யவில்லை. பிள்ளையைக் காட்டு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அத்தா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமே இருபது முப்பது வார்த்தை. அரிசி, உப்பு, தண்ணீர், கேப்டன், யெஸ் சார். அதை வைத்துக்கொண்டு அந்த வாசலில் அவர் சொல்லியிருக்கக்கூடியது ஒன்றுதான். பதினொரு வயது என்பதைக் கைவிரலில் காட்டியிருப்பார்.

"மை டாட்டர், சார்."